பாடத்திட்டத்தை இயந்திரம் எழுதும்போது முடிவெடுப்பது யார்?

ஒரு பாடத்தின் பெயரையும் வாரங்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால் போதும். நோக்கங்கள், கற்றல் விளைவுகள், வாரவாரியான தலைப்புகள், மதிப்பெண் பங்கீடு, நூற்பட்டியல் என எல்லாம் அடங்கிய பாடத்திட்டத்தைச் செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்துக்குள் எழுதித் தந்துவிடுகிறது. இதைப் பார்த்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மாதக்கணக்கில் இழுத்த வேலை மிச்சம் என்கிறது ஓர் அணி. ஆசிரியரின் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைப்பது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம் என்கிறது மற்றோர் அணி. இரண்டு தரப்பும் பாடத்திட்டம் என்ற ஆவணத்தையும் பாடத்தை வடிவமைக்கும் வேலையையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுகின்றன. அந்தக் குழப்பம் தீராதவரை, பயன்படுத்தலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு முடிவே இராது.

## வடிவமைப்பு என்பது எது

பாட வடிவமைப்பு என்பது தொடர்ந்து எடுக்கப்படும் முடிவுகள். இந்தப் பாடம் யாருக்கு? முடிக்கும்போது அவர்களால் என்ன செய்ய முடிய வேண்டும்? முடிகிறது என்பதை எப்படி அறிவது? அதற்கு என்ன பயிற்சி வேண்டும், எந்த வரிசையில்? எதை விட்டுவிடுவது? ஆசிரியர்களை அதிகம் வாட்டுவது இந்தக் கடைசிக் கேள்விதான். ஒரு தலைப்பைச் சேர்க்க யாரும் தயங்குவதில்லை. நீக்கத்தான் மனம் வருவதில்லை.

இந்தக் கேள்விகளை அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் நான்காகச் சுருக்கினார்: எந்த நோக்கங்களை அடைய வேண்டும், எந்தக் கற்றல் அனுபவங்கள் அவற்றுக்கு உதவும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படிக் கண்டறிவது. பின்னர் வந்த முறைகள் பலவற்றுக்கும் இதுவே வேர். அவற்றில் மூன்று சொற்கள் இந்தக் கட்டுரை முழுவதும் வரும்.

1. கற்றல் விளைவு. பாடம் முடிந்ததும் மாணவர் செய்து காட்ட வேண்டியதைச் சொல்லும் வாக்கியம். ஆசிரியர் எதை நடத்துகிறார் என்பது இதில் இடம்பெறாது. பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956-இல் வெளியிட்ட, சிந்தனைத் திறன்களின் வகைப்பாட்டை ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001-இல் திருத்தி வெளியிட்டார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்ற அந்த ஆறு படிகளில்தான் விளைவுகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன.

2. பின்னோக்கு வடிவமைப்பு. கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் 1998-இல் விரிவாக முன்வைத்த முறை. முதலில் விளைவு, அடுத்து அதற்கான சான்று, கடைசியில்தான் வகுப்பும் பாடநூலும். நடைமுறையில் பலரும் நேர்மாறாகச் செய்கிறோம்: பாடநூலைப் பிடித்துக்கொண்டு அதன் அத்தியாயங்களை வாரங்களாகப் பிரித்துவிடுகிறோம்.

3. இசைவு. ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதிய கட்டுரையால் பரவிய கருத்து. விளைவும் பயிற்சியும் மதிப்பீடும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். மாணவர்கள் தேர்வில் வருவதைத்தான் படிப்பார்கள். ஆகவே தேர்வு எதைக் கேட்கிறதோ அதுவே அந்தப் பாடத்தின் உண்மையான நோக்கம், ஆவணத்தின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

இசைவு எப்படி முறிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புள்ளியியல் அறிமுகப் பாடம் ஒன்றில், 'மாணவர்கள் ஆய்வு முடிவுகளைத் திறனாய்வு நோக்கில் மதிப்பிடுவர்' என்று ஒரு விளைவு இருப்பதாகக் கொள்வோம். வகுப்பில் சூத்திரங்கள் வருவிக்கப்படுகின்றன. தேர்வில், 'டி-சோதனையின் படிகளை எழுதுக' என்று, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் முறையைப் பற்றிய கேள்வி வருகிறது. விளைவைத் தனியாகப் படித்தால் குறை தெரியாது. கேள்வியைத் தனியாகப் படித்தாலும் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான், வெளியான ஓர் ஆய்வை மாணவர் ஒருமுறைகூட மதிப்பிடாமலேயே பாடத்தை முடித்துவிட முடியும் என்பது புலப்படும்.

ஒழுங்காக எழுதப்பட்ட பாடத்திட்டத்தைப் பார்த்தால், எழுதியவர் ஓரளவாவது உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று இதுவரை நம்ப இடம் இருந்தது. அது வலுவான சான்று அல்ல என்றாலும் ஏதோ ஒரு சான்று. இன்று ஒருவரும் யோசிக்காமலேயே அதே ஒழுங்கான ஆவணம் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்தில் இருந்துதான் மற்ற விளைவுகள் எல்லாம் கிளைக்கின்றன.

## மொழி மாதிரி பாடத்திட்டத்தை எப்படி எழுதுகிறது

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற கருவிகளின் உள்ளே இருப்பது பெரிய மொழி மாதிரி. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பு இதற்கு அடித்தளம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது பொதுமக்கள் கைக்கு வந்தது. எழுதப்பட்ட பகுதியைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய சொல்துண்டு எது என்று கணிப்பதே இதன் அடிப்படை வேலை. கோடிக்கணக்கான பக்கங்களில் பயின்ற பிறகு, மனிதர்கள் தரும் பின்னூட்டத்தைக் கொண்டு இதை மேலும் பழக்குகிறார்கள். பாட வடிவமைப்பைப் பொறுத்தவரை இதிலிருந்து நான்கு குணங்கள் பிறக்கின்றன.

1. பரவலானதே முதலில் வரும். இணையத்தில் எண்ணற்ற பாடத்திட்டங்கள் கிடக்கின்றன. நுண்கணித அறிமுகம் கேட்டால், அவற்றில் அடிக்கடி வரும் வரிசை கிடைக்கும். பெரும்பாலும் அது மோசமானதாக இராது. ஆனால் புதிதாகத் தோன்றிய துறை, ஒரு வட்டாரத்தின் வரலாறு, இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழியில் நடத்தப்படும் பாடம் என்று வரும்போது அதே சரளத்தோடு மேலோட்டமான தலைப்புகள் வந்து விழும். சரளத்தை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது.

2. வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். உங்கள் மாணவர்கள் நிகழ்தகவு படித்தவர்களா, ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் உள்ளன, பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களா என்று அது கேட்பது அரிது. சொல்லாவிட்டால் ஒரு சராசரி மாணவரை ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் ஆவணத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்காது என்பதுதான் ஆபத்து.

3. பகுதிகள் சரியாக இருக்கும், இணைப்பு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு வாரத் தலைப்பும் பொருத்தமாகத் தோன்றும். ஆறாம் வாரத்தின் பயிற்சிக்கு எட்டாம் வாரத்தில்தான் வரும் கருத்து தேவைப்படும்.

4. இணங்கிப் போகும். மனிதர்களுக்குப் பிடித்த பதிலைத் தரும்படி பழக்கப்பட்டதால், 'இது நல்ல பாடத்திட்டமா?' என்று கேட்டால் பாராட்டும். 'இதில் குறை இருக்கிறதே' என்றால் உடனே ஒப்புக்கொள்ளும். இரண்டுமே கருத்துரை ஆகா.

துறையின் சொந்த ஆவணங்களை இணைத்துவிட்டு, அவற்றைத் தேடி எடுத்துப் பதில் சொல்லும்படி அமைப்பது ஒரு தீர்வு. 2020-இல் இருந்து ஆய்வுலகில் பெயர் பெற்ற இந்த முறை, ஊகத்தைக் குறைக்கிறது. அடியோடு நீக்குவதில்லை.

## எங்கே உண்மையான உதவி கிடைக்கிறது

மேலே சொன்ன குணங்களைத் தெரிந்துகொண்டால், எந்த வேலையைக் கொடுப்பது என்பது தெளிவாகும். முழுப் பாடத்திட்டத்தை எழுதச் சொல்வது மிகக் குறைந்த பலன் தரும் பயன்பாடு என்பது என் கணிப்பு. நீங்கள் எழுதியதைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்வதில்தான் அதிகப் பலன்.

1. இசைவைச் சோதித்தல். விளைவுகள், வாரப் பயிற்சிகள், கடந்த இரண்டு பருவங்களின் வினாத்தாள்கள் மூன்றையும் கொடுங்கள். ஒவ்வொரு தேர்வுக் கேள்வியும் எந்த விளைவைச் சோதிக்கிறது, ஆறு படிகளில் எந்தப் படியில் சோதிக்கிறது, எந்தச் சொற்களை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று அட்டவணையாகக் கேளுங்கள். எந்த விளைவுக்கும் கேள்வி இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடும்படி கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஏதேனும் ஒரு கேள்வியை இழுத்துவந்து ஒட்டிவிடும். வெளிவரும் அட்டவணையில் சில வரிகள் தவறாக இருக்கும். அதனால் பரவாயில்லை. 'பகுத்தாய்தல்' என்று எழுதிய ஐந்து விளைவுகளில் நான்கு, 'விவரி', 'பட்டியலிடு' என்ற கேள்விகளோடு நிற்பதைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பழையபடி பார்க்க முடியாது. இந்த வேலையைக் கையால் செய்ய ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் பெரும்பாலும் ஒருவரும் செய்வதில்லை.

2. மாணவரின் நேரத்தைக் கணக்கிடுதல். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். 15 வாரங்களுக்கு 6 கிரெடிட் கொண்ட பாடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 150 முதல் 180 மணி நேரம். வாரம் 3 மணி நேர விரிவுரையும் 2 மணி நேர ஆய்வகமும் சேர்த்தால் 75 மணி நேரம் போய்விடும். கருவி தாராளமாக எழுதித்தரும் திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், ஒரு நிரல் பயிற்சி, ஒரு சிந்தனைக் குறிப்பு என்று இருக்கும். கட்டுரைகளுக்கு 4 மணி நேரம், பயிற்சிக்கு 3, குறிப்புக்கு 1 என்று வைத்தாலே வாரம் 8 மணி நேரம். 15 வாரங்களுக்கு 120. ஆக மொத்தம் 195. உச்ச வரம்பையும் 15 மணி நேரம் தாண்டிவிட்டது, தேர்வுக்குப் படிக்கும் நேரத்தை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. காகிதத்தில் வளமாகத் தெரியும் இந்தத் திட்டத்தில், வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவர்தான் முதலில் மூழ்குவார். ஒவ்வொரு பணிக்கும் ஆகக்கூடிய நேரத்தைக் கருவியிடம் ஊகிக்கச் சொல்லலாம். கூட்டலை மட்டும் விரிதாளில் செய்யுங்கள், மொழி மாதிரியின் கூட்டல் நம்பத்தக்கதல்ல.

3. பயிற்சிக் கேள்விகளும் தவறான விடைகளும். நல்ல பலவுள் தெரிவு வினாவை எழுதுவதில் கடினமான பகுதி, தவறான விடைகள்தான். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர் மனத்தில் உண்மையிலேயே இருக்கும் பிழையான புரிதலில் இருந்து பிறக்க வேண்டும். கருவி எழுதித்தரக்கூடிய வகையில் ஒன்று:

மருந்துச் சோதனை ஒன்றில் பி-மதிப்பு 0.03 என்று வந்தது. இதன் பொருள் என்ன?
அ) மருந்துக்கு விளைவு இல்லை என்பதற்கான வாய்ப்பு 3 சதவீதம்.
ஆ) மருந்து 97 சதவீத நோயாளிகளைக் குணப்படுத்தும்.
இ) மருந்துக்கு விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தென்படுவதற்கான வாய்ப்பு 3 சதவீதம்.
ஈ) சோதனையில் பிழை நேர்ந்துவிட்டது.

'அ' மிக நல்ல தவறான விடை. பி-மதிப்பு என்பது கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பைக் குறிக்காது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட நேர்ந்தது. அந்த அளவுக்குப் பரவிய பிழை அது. 'ஆ' பரவாயில்லை. 'ஈ' வீண், அதை எந்த மாணவரும் தேர்ந்தெடுக்க மாட்டார். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: சரியான விடையே மிக நீளமானது. பாடம் தெரியாத மாணவரும் நீளத்தைப் பார்த்துக் குறித்துவிடலாம். எல்லா விடைகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவரச் சொல்வதும், 'இந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுப்பவர் என்ன நினைத்திருப்பார்?' என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பதும் கேள்வியின் தரத்தை உயர்த்தும். பழைய விடைத்தாள்களில் நீங்கள் கண்ட பிழைகளை நீங்களே பட்டியலிட்டுக் கொடுத்தால் இன்னும் உயரும். அந்தப் பட்டியல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

4. முன்தேவைகளைத் தோண்டி எடுத்தல். துறையில் தேர்ந்தவருக்குத் தான் ஒரு காலத்தில் தடுமாறிய இடங்கள் மறந்துபோகும். ஒரு பயிற்சியைக் கொடுத்து, 'இதைச் செய்ய மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டியவை எவை?' என்று கேட்டால் நீண்ட பட்டியல் வரும். பாதி தேவையற்றது. மீதியில் ஓரிரண்டு, எந்த முந்தைய பாடத்திலும் நடத்தப்படாதவையாக இருக்கக்கூடும்.

இவை தவிர, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் படங்களுக்கு எழுத்து விளக்கம் எழுதுதல், காணொலிக்கு எழுத்து வடிவம் தயாரித்தல், ஒரே கருத்துக்கு வேறுவேறு துறைகளில் இருந்து எடுத்துக்காட்டுத் தேடுதல், மதிப்பீட்டு அளவுகோலின் மொழியை எளிமைப்படுத்துதல் போன்ற பணிகளைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். சரிபார்ப்பது எளிது, பிழை நேர்ந்தாலும் சேதம் குறைவு.

## நூற்பட்டியல் என்ற கண்ணி

இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் உண்மைபோல எழுதித் தருவது மொழி மாதிரிகளின் அறியப்பட்ட குறை. 2023-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு விமான நிறுவன வழக்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நூற்பட்டியலிலும் அதே வகைப் பிழை நடக்கும். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. இணையத்தில் தேடிப் பதில் தரும் கருவிகளில் இது குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நூலை நூலகப் பட்டியலில் பார்க்காமல் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கூடாது. படிக்காத நூலைக் கட்டாய வாசிப்பாக வைக்கவே கூடாது. புகழ்பெற்ற மொழிகளில், புகழ்பெற்ற பதிப்பகங்கள் வெளியிட்டவையே பட்டியலில் முந்தி வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## மாணவர் கையிலும் அதே கருவி

ஆசிரியர் கருவியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், மாணவர் பயன்படுத்துவார் என்று வைத்துக்கொண்டுதான் பாடத்தை வடிவமைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எழுதி ஒப்படைக்கும் கட்டுரை இனி மாணவரின் சிந்தனைக்குச் சான்றாகாது. கண்டறியும் மென்பொருள் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகக் குறித்தன. ஒரு மாணவரின் நேர்மையை இத்தகைய கருவியின் சொல்லை மட்டும் நம்பித் தீர்மானிப்பது அநியாயம்.

கருவி கற்றலுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் வெளிச்சம் தருகின்றன.

1. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்த கணிதச் சோதனை, 2025-இல் வெளியானது. சாதாரண உரையாடல் கருவியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த மற்றொரு வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெருமளவு மறைந்தது.

2. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பாடத்தில், கற்பித்தல் நெறிகளின்படி கவனமாக அமைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் படித்த மாணவர்கள், நல்ல செயல்வழி வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பலனையும் பாதிப்பையும் பெரும்பாலும் தீர்மானிப்பது மாதிரியைச் சுற்றி ஆசிரியர் அமைக்கும் வடிவமே என்று தெரிகிறது. எந்த இடத்தில் மாணவர் தானாகப் போராட வேண்டும், எந்த இடத்தில் உதவி கிடைக்கலாம் என்பது பாட வடிவமைப்பு முடிவு. அதை ஆசிரியர் எடுக்காவிட்டால், அந்த இடங்களைக் கருவியே தீர்மானித்துவிடும்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை சிட்னி பல்கலைக்கழகம் முன்வைத்த இருவழி முறை தெளிவானது. ஒரு வழியில் கண்காணிப்போடு நேரில் நடக்கும் மதிப்பீடுகள்: எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, ஆய்வகச் செயல்விளக்கம். மாணவர் தானே அறிந்திருக்கிறார் என்பதை இவை உறுதிசெய்கின்றன. மறு வழியில் எல்லாக் கருவிகளும் அனுமதிக்கப்பட்ட திறந்த பணிகள். மாணவர் கற்பதற்கும், கருவியைப் பொறுப்போடு கையாளப் பழகுவதற்கும் இவை இடம் தருகின்றன. இரண்டுக்கும் நடுவே, 'பயன்படுத்தாதே' என்று எழுதிவிட்டுச் சரிபார்க்க வழியில்லாமல் விடும் பணிகள் நேர்மையான மாணவரைத்தான் தண்டிக்கின்றன. எந்த விளைவு எந்த வழியில் சோதிக்கப்பட வேண்டும் என்று பிரிப்பது, இன்றைய பாட வடிவமைப்பில் மிக அவசரமான வேலை.

## தரவு, உரிமை, சட்டம்

மாணவர்களின் விடைத்தாள்களையோ மதிப்பெண் பட்டியலையோ பெயரோடு பொதுக் கருவியில் ஏற்றக் கூடாது. பெயரை நீக்கினாலும் எழுத்தில் இருக்கும் சொந்த விவரங்கள் அடையாளம் காட்டிவிடலாம். பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்துகொண்ட கருவி இருந்தால், ஏற்றும் தரவு மாதிரியைப் பழக்கப் பயன்படுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பதிப்புரிமை உள்ள பாடநூலை முழுதாக ஏற்றுவதும் பிரச்சினைக்குரியதே.

2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கல்வியில் சேர்க்கையைத் தீர்மானிக்கும், கற்றல் விளைவுகளை மதிப்பிடும், தேர்வில் மாணவரைக் கண்காணிக்கும் அமைப்புகளை அதிக ஆபத்து வகையில் வைக்கிறது. பாடத்திட்ட வரைவுக்கு உதவி பெறுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே கருவியிடம் மதிப்பெண் போடச் சொன்னவுடன் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் மனிதரை மையமாகக் கொண்ட அணுகுமுறையையும் தரவுப் பாதுகாப்பையும் வலியுறுத்துகிறது.

## எந்த வரிசையில் வேலை செய்வது

வரிசை மாறினால் பலன் தலைகீழாகிவிடும் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

1. கருவியைத் திறப்பதற்கு முன், பாடம் முடிந்ததும் மாணவர் செய்து காட்ட வேண்டிய மூன்று அல்லது நான்கு காரியங்களை உங்கள் சொற்களில் எழுதுங்கள். முதல் வரைவைக் கருவி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் சிந்தனை அந்த வரைவின் கரைகளுக்குள்ளேயே ஓடும்.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுக் கேள்வியையோ பணியையோ எழுதி, அதற்கு நீங்களே விடை எழுதுங்கள். விடை எழுதும்போதுதான் கேள்வியில் உள்ள ஓட்டை தெரியும்.

3. மாணவர் யார், என்ன தெரிந்தவர்கள், எவ்வளவு நேரம் உள்ளவர்கள், சென்ற முறை எங்கே தவறினார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

4. இந்த மூன்றையும் கருவிக்குக் கொடுத்துக் குறை தேடச் சொல்லுங்கள். விளைவுக்கும் கேள்விக்கும் இடையே எங்கே முறிவு, எந்த வாரத்தில் சுமை கூடுகிறது, எது முன்தேவையாக ஒளிந்திருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள்.

5. வாரத் திட்டமும் பயிற்சிகளும் கடைசியில். இங்கே கருவி தாராளமாக வரையட்டும். நீங்கள் வெட்டுங்கள்.

6. எந்தக் கட்டத்தில் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். அவர்களிடம் அதே வெளிப்படைத்தன்மையைக் கேட்கப் போகிறோம்.

இந்த வரிசையில் நேரம் மிச்சமாகுமா என்றால், வரைவு எழுதும் நேரம் குறையும், யோசிக்கும் நேரம் கூடும். மொத்தத்தில் பெரிதாக மிச்சமாகாமலும் போகலாம். பாட வடிவமைப்புக்கு ஒதுக்கிய நேரத்தைக் கருவியைக் காட்டிக் குறைக்க நினைக்கும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

## ஒப்புதல் தரும் குழு எதைக் கேட்க வேண்டும்

புதிய பாடங்களுக்கு ஒப்புதல் வழங்கும் பாடத்திட்டக் குழுக்கள் இதுவரை பெரும்பாலும் படிவத்தைத்தான் பார்த்து வந்திருக்கின்றன. விளைவுகள் சரியான வினைச்சொல்லில் தொடங்குகின்றனவா, மதிப்பெண்கள் 100-க்குக் கூட்டுகின்றனவா, நூற்பட்டியல் உள்ளதா, விளைவுகளையும் அலகுகளையும் பொருத்தும் அட்டவணை நிரப்பப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகள் அனைத்தையும் இன்று கருவியே நிறைவேற்றிவிடும். படிவம் எவ்வளவு கடுமையாக்கப்படுகிறதோ அவ்வளவு நேர்த்தியாக நிரப்பித் தரும். ஆகவே படிவத்தில் இன்னும் நான்கு கட்டங்களைச் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

குழு வேறு பொருட்களைக் கேட்கலாம். முதலில், இறுதி மதிப்பீட்டில் வரக்கூடிய ஒரு கேள்வியும் ஆசிரியர் தன் கையால் எழுதிய மாதிரி விடையும். அடுத்து, பெயர் நீக்கப்பட்ட இரண்டு பழைய விடைத்தாள்கள், ஒன்று நன்றாக எழுதப்பட்டது, மற்றது தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைப் புதிய பாடத்தின் எந்த வாரம் சரிசெய்யப் போகிறது என்ற விளக்கம். மூன்றாவதாக, பாடத்தில் இருந்து நீக்கிய தலைப்புகளின் பட்டியலும் ஒவ்வொன்றையும் ஏன் நீக்கினார் என்பதற்கான காரணமும். காரணங்களைக் கருவியிடம் கேட்டும் எழுதிவிடலாம்தான். ஆனால் குழுவின் முன் அமர்ந்து, 'ஏன் இதை விட்டீர்கள்?' என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். இந்த மூன்றையும் வைத்து அரை மணி நேரம் பேசினால் போதும். யோசித்து அமைத்த பாடம் எது, அச்சடித்து வந்த பாடம் எது என்று அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும்.